ஈரக் கரிசலில் சிறு டிராக்டரும் சக்கரச் சங்கிலியும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கியதும், பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் டிராக்டர் வைத்திருப்போருக்கும் அதனை வாடகைக்கு அமர்த்துவோருக்கும் ஒரே வகையான தொல்லை தொடங்குகின்றது. சித்திரையில் கட்டாந்தரையைப் பிளந்து சென்ற அதே யந்திரம், கார்த்திகையில் வயலின் வாயிலிலேயே நின்று சக்கரம் சுழற்றுகின்றது. எஞ்சின் முழங்குகின்றது, புகை எழுகின்றது, சேறு பின்னே வாரி இறைக்கப்படுகின்றது, வண்டியோ ஓரடியும் முன்னேறுவதில்லை. இத்தகைய வேளையில், பனி பெய்யும் தேசங்களில் டயர்களின்மேல் இரும்புச் சங்கிலி பூட்டி ஓட்டுவதைப் படங்களிற் கண்டவர்கள், அம்முறை நம் வயல்களுக்கும் உதவுமா என்று வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை கூறுவதும், சங்கிலியைக்காட்டிலும் எளிய வேறு சில வழிகளை எடுத்துக்காட்டுவதும், சேற்றிற் புதைந்த வண்டியை மீட்கையில் நேரும் உயிர்ச்சேதத்தைத் தவிர்க்கும் முறையைத் தெரிவிப்பதும் இப்பாடத்தின் நோக்கமாகும்.

பிடிப்பு எங்கிருந்து வருகின்றது

டிராக்டரை முன்னே தள்ளுவது எஞ்சின் என்று பலரும் எண்ணுகின்றனர். எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகின்றதேயன்றி வண்டியைத் தள்ளுவதில்லை. சுழலும் சக்கரம் மண்ணைப் பின்னோக்கி உதைக்கின்றது. மண் அவ்வுதையைத் தாங்கி நின்றால் வண்டி முன்னே செல்கின்றது. தாங்காமல் வழுக்கிப் போனால் மண் பின்னே செல்கின்றது, வண்டி நின்ற இடத்தில் நிற்கின்றது. வழுவழுப்பான பாறையின்மேல் ஏறுகின்றவன் எவ்வளவு பலசாலியாயினும் காலுக்குப் பிடி கிடையாவிடில் வழுக்குவான் அல்லவா? அது போன்றதே இது.

ஆகவே பிடிப்பு என்பது யந்திரத்தின் சொத்தன்று, நிலத்தின் சொத்து. டயரின் மேடுகளும், சங்கிலியும், இரும்புச் சக்கரமும் நிலத்தில் இருக்கும் உறுதியை எட்டிப் பிடிக்கும் கைகள் மாத்திரமே. நிலத்தில் உறுதியே இல்லாதபோது எத்தனை கைகள் இருந்தும் பயனில்லை. இதனை மனத்திற் கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

இவ்விரு ஜில்லாக்களின் மண்

குன்னம், வேப்பூர், வேப்பந்தட்டை, ஆலத்தூர்ப் பக்கங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கரிசல் பூமி பரந்து கிடக்கின்றது. கரிசலில் மிக நுண்ணிய களிமண் துகள்கள் மிகுதி. இத்துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப் பெருப்பவை. காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிப்பவை. மழையில் அவை ஒன்றோடொன்று ஒட்டி மெழுகு போலாகின்றன. டயரின் மேடுகளுக்கிடையே அம்மெழுகு நிறைந்துவிட்டால், மேடு பள்ளமற்ற உருளையாகச் சக்கரம் மாறிவிடுகின்றது. கரிசலில் வண்டி நழுவுவதன் முதற்காரணம் இதுவே.

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண்ணும் முந்திரித் தோப்பு நிலங்களும் வேறு வகையின. அங்கு நீர் விரைவில் வடிந்துவிடும். மழையில் மேல்மண் மாத்திரம் இரண்டொரு விரற்கிடை குழைந்து வழுக்கும். அடியில் கடினமான தரை இருக்கும். கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர், தா. பழூர் வட்டாரங்களில் நெல் விளையும் வண்டல், களி நிலங்கள் உள்ளன. அங்கு சம்பா நடவுக்காக நிலத்தை வேண்டுமென்றே சேறாக்குகின்றோம். சேற்றின்கீழ் பல்லாண்டு தொளி உழவால் இறுகிய ஒரு படலம் இருக்கும்.

கரிசலில் அடி காணாத மென்மை, செம்மண்ணில் கடினத்தின்மேல் மெல்லிய வழுக்கல், நெல்வயலில் சேற்றின்கீழ் இறுகிய படலம் ஆகிய மூன்று நிலைமைகளுக்கும் மருந்து ஒன்றாக இருக்கவியலாது.

நழுவலை அளக்கும் முறை

மருந்தைத் தேடுமுன் நோயை அளந்தறிதல் நன்று. இதற்கு ஒரு சுண்ணாம்புத் துண்டும் அளவு நாடாவும் போதும். பின்சக்கரத்தின் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு குறியிடவேண்டும். கலப்பையைத் தூக்கி வைத்து, வேலை செய்யும் கியரிலேயே வயலில் ஓட்டி, சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றுவதற்குள் வண்டி எவ்வளவு தூரம் சென்றதென அளக்கவேண்டும். பின்னர்க் கலப்பையை இறக்கி உழுதுகொண்டே மறுபடியும் பத்துச் சுற்றுக்கு அளக்கவேண்டும்.

உதாரணமாக, கலப்பையின்றி 28 மீட்டரும் கலப்பையோடு 24 மீட்டரும் சென்றதாக வைத்துக்கொள்வோம். இழப்பு 4 மீட்டர். 28-இல் 4 என்பது நூற்றுக்கு ஏறக்குறைய 14. இது தக்க அளவே. நூற்றுக்கு 10 முதல் 15 வரை நழுவல் இருப்பது டயர்ச் சக்கரங்களுக்கு இயல்பு. நழுவலே இல்லாதிருத்தல் வண்டி வேண்டாத பாரத்தைச் சுமக்கின்றது என்பதற்கு அடையாளம். ஆனால் கலப்பையோடு 20 மீட்டரே சென்றதாயின் நழுவல் நூற்றுக்கு ஏறக்குறைய 29 ஆகின்றது. மணிக் கணக்கில் வாடகை கொடுக்கும் குடியானவர் இதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அவர் ஒரு மணிக்குக் கூலி கொடுத்து ஏறக்குறைய 43 நிமிஷ ஓட்டத்தையே பெறுகின்றார். எஞ்சிய 17 நிமிஷமும் அவருடைய பணத்தில் அவருடைய மண் அரைக்கப்படுகின்றது. வண்டிக்குச் சொந்தக்காரருக்கோ டீசலும் டயரும் வீணாகின்றன. இருவருக்கும் நஷ்டமே.

சங்கிலிக்கு முன் செய்யத்தக்கவை

நழுவல் மிகுந்திருப்பின், பணம் செலவிட்டுப் புதிய சாதனம் வாங்குமுன் கீழ்க்கண்டவற்றைச் சோதித்தல் நலம்.

முதலாவது, டயரின் தேய்வு. மேடுகள் தேய்ந்து வழுவழுப்பான டயருக்கு ஈர மண்ணில் பிடிப்புக் கிடையாது. பின்டயர்களைப் பூட்டும்போது, பின்னால் நின்று பார்ப்பவருக்கு மேடுகளின் கூர்முனை மேல்நோக்கி அமைந்திருக்கின்றதா என்பதையும் கவனிக்கவேண்டும். தலைகீழாகப் பூட்டிய டயர் சேற்றை வெளியே தள்ளாமல் உள்ளே சேர்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, காற்றழுத்தம். சாலையில் பாரம் இழுப்பதற்கு ஏற்றிய காற்றோடு வயலில் இறங்குவது பலருக்கும் வழக்கம். காற்று மிகுந்த டயர் குறுகிய இடத்தில் நின்று ஆழமாக அமிழும். டயரின் அகலமான பரப்பு மண்ணிற் படியுமாறு, வயலுக்கென்று கையேட்டில் குறித்த அளவுக்குக் காற்றைக் குறைத்தல் வேண்டும். அவ்வளவுக்கும் கீழே குறைத்தால் டயர் வளையத்தினின்று நழுவி, டியூபின் வாய் அறுபடும். சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் காற்று நிரப்ப மறத்தலாகாது.

மூன்றாவது, எடை. சிறு டிராக்டரின் குறை அதன் இலேசான உடலே. பின்டயர்களில் நீர் நிரப்புவதால் செலவின்றி எடை கூடும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, காற்று வாயை உச்சியில் வைத்து, அவ்வாய் மட்டம் வரையில் நீர் நிரப்பினால் டயரின் முக்கால் பங்கு நிறையும். எஞ்சிய கால் பங்கில் காற்று நிரப்பவேண்டும். பனி தேசங்களில் அந்நீர் உறைந்துவிடாதபடி கால்சியம் குளோரைடு உப்பைக் கலப்பர். நம் சமவெளிக்கு வெறும் நீரே போதும். ஆயினும் அடி காணாத ஈரக் கரிசலில் எடை கூடுவது அமிழ்வதற்கே வழியாகும் என்பதை மறக்கலாகாது. எடை உறுதியான தரைக்கு நண்பன். இளகிய தரைக்குப் பகைவன்.

நான்காவது, டிஃபரன்ஷியல் லாக். ஒரு சக்கரம் சேற்றிலும் மற்றொன்று கெட்டித் தரையிலும் இருக்கும்போது, விசை முழுதும் சேற்றுச் சக்கரத்துக்கே ஓடி வீணாகும். லாக்கை மிதித்தால் இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுற்றும். சக்கரம் வேகமாகச் சுழலத் தொடங்கியபின் மிதித்தால் பற்கள் உடையும்; நழுவும் இடத்தை அணுகுமுன்பே, வண்டி மெதுவாகச் செல்கையில் மிதிக்கவேண்டும். திரும்பும்போதும் சாலையிலும் லாக் விடுபட்டிருத்தல் அவசியம்.

சங்கிலி வந்த வரலாறு

ரப்பர் டயர் மோட்டார் வண்டிகளுக்கு வந்த தொடக்க காலத்தில், சேற்றிலும் பனியிலும் வழுக்காதிருக்க ஓட்டுநர்கள் டயரைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொள்வர். அமெரிக்காவில் நியூயார்க் இராஜ்யத்தைச் சேர்ந்த ஹாரி வீடு என்பவர், கயிற்றுக்கு மாறாக இரும்புச் சங்கிலியால் வலை போல் அமைத்து 1904-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். டிராக்டர்களோ அக்காலத்தில் இரும்புச் சக்கரமே உடையனவாயிருந்தன. 1932-இல்தான் காற்றடைத்த ரப்பர் டயர்கள் அமெரிக்க டிராக்டர்களுக்கு வந்தன. ரப்பரால் வேகமும் சொகுசும் கிடைத்தன. ஈரத்தில் பிடிப்புக் குறைந்தது. குறைந்ததை ஈடுசெய்யவே சங்கிலி டிராக்டருக்கும் வந்தது.

குளிர் தேசங்களில் சிறு டிராக்டரைக்கொண்டு வீட்டு வாயிலிலும் பாதையிலும் பெய்த பனியைத் தள்ளுகின்றனர். நம் தேசத்தில் ரோதங் கணவாய், சோஜி லா முதலிய இமயமலைப் பாதைகளில் வண்டிகள் சங்கிலி பூட்டிச் செல்வதுண்டு. உதகமண்டலத்தில் மார்கழி, தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டேயொழிய, சங்கிலி வேண்டும் அளவுக்குப் பனிப்பொழிவு இல்லை. பனிப் பாதையில் சங்கிலி உதவுவதற்குக் காரணம் யாதெனில், மேலே வழுக்கும் பனியும் கீழே அசையாத தரையும் இருத்தலே. சங்கிலியின் இரும்பு மேற்படலத்தைக் கடித்து, உறுதியான பரப்பைப் பற்றிக்கொள்கின்றது.

நம் நிலத்தில் எங்கே உதவும், எங்கே உதவாது

மேற்சொன்ன காரணத்தைக்கொண்டே நம் நிலத்துக்கும் விடை காணலாம். மேலே வழுக்கல், கீழே கடினம் என்ற நிலைமை எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் சங்கிலி உதவும். செம்மண் பூமியில் மழைக்குப் பின் குழைந்து கிடக்கும் வண்டிப்பாதை, களத்துமேட்டிலிருந்து சாலைக்கு ஏறும் சரிவு, அடியில் சரளையிட்டு மேலே கரிசல் படிந்த கிராமப்பாதை, ஈரப்புல் மூடிய ஏரிக்கரைச் சரிவு ஆகியவை இவ்வகையின. மார்கழி, தை மாதங்களில் மக்காச்சோளக் கதிரையோ பருத்தி மூட்டையையோ டிரெய்லரில் ஏற்றி, நூறு இருநூறு கஜம் வழுக்குப் பாதையைக் கடந்து தார்ச்சாலையை அடையவேண்டிய குடியானவருக்குச் சங்கிலி மெய்யாகவே பயன்படும்.

ஈரக் கரிசல் வயலின் நடுவே சங்கிலி உதவாது. அங்கு இரும்பு பற்றிக்கொள்ள அடியில் ஏதுமில்லை. சங்கிலிக் கண்ணிகளில் கரிசல் அப்பிக்கொண்டு டயர் பருத்துவிடும்; பின்னும் சுழற்றினால் சங்கிலி மண்வெட்டியைப் போல் தனக்குத் தானே குழி தோண்டும். வெறும் டயர் ஒரு சாண் புதையும் இடத்தில், சங்கிலி பூட்டிய டயர் அச்சு மட்டம் வரையில் இறங்கிவிடக்கூடும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. பாரம் மிஞ்சும்போது சக்கரம் நழுவுவது ஒரு வகையில் யந்திரத்துக்குப் பாதுகாப்பு. சங்கிலி அந்நழுவலைத் தடுக்கின்றது. அப்பொழுது மிகுந்த விசை கியரிலும் அச்சிலும் பாய்கின்றது. அல்லது வண்டியின் முன்புறத்தைத் தூக்குகின்றது. ஆகையால் சங்கிலி பூட்டிய சிறு டிராக்டரில் பாரத்தை வழக்கத்தினும் குறைத்து, முன்புற எடைக் கட்டிகளைப் பொருத்திக்கொள்ளவேண்டும்.

சங்கிலியைத் தெரிந்தெடுத்தலும் பூட்டுதலும்

சங்கிலிகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஏணிப்படி போல் குறுக்குச் சங்கிலிகள் மாத்திரம் உடையது ஒன்று. குறுக்குச் சங்கிலிகளை நடுவிலும் பிணைத்துக் கட்டமாக அமைத்தது மற்றொன்று. உழவு டயரின் மேடுகள் உயர்ந்தவை, இடைவெளி அகன்றவை. ஏணி வகையின் குறுக்குச் சங்கிலி அவ்விடைவெளிக்குள் விழுந்து மறைந்துபோகும். பிடிப்புச் சிறிதும் கிடையாது. ஆதலின் உழவு டயருக்குக் கட்ட வகையே ஏற்றது. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவைக் கூறி அவ்வளவுக்கே வாங்கவேண்டும். டிரெய்லர் கட்டும் சங்கிலியை டயரையும் வளையத்தையும் சேர்த்துச் சுற்றிக் கட்டுவது டயரின் பக்கச்சுவரை அறுக்கும், அவ்வாறு செய்தலாகாது.

பூட்டும் முறை வருமாறு:

1. கெட்டியான சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக் இட்டு, முன்சக்கரங்களுக்குக் கல் அணை கொடுக்கவேண்டும்.

2. சங்கிலியைத் தரையில் விரித்து முறுக்கின்றிச் சரிசெய்யவேண்டும். கண்ணிகளின் கூர்முனை டயரைக் குத்தாதபடி வெளிநோக்கி இருக்கவேண்டும்.

3. டயரின்மேல் சரிபாதியாகப் போர்த்தி, முதலில் உட்புறக் கொக்கியையும் பின்னர் வெளிப்புறக் கொக்கியையும் மாட்டி இறுக்கவேண்டும். இருபுறமும் விடப்படும் கண்ணிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கவேண்டும். வண்டியை நகர்த்திப் பூட்ட நேர்ந்தால், நகர்த்தும்போது எவர் கையும் சங்கிலியருகில் இருத்தல் கூடாது.

4. சங்கிலிக்கும் மட்கார்டுக்கும், சங்கிலிக்கும் கலப்பை தூக்கும் கைகளுக்கும் இடையே குறைந்தது இரண்டு விரற்கிடை இடைவெளி வேண்டும். இல்லையாயின் சக்கரங்களின் அகலத்தைக் கூட்டிக்கொள்ளவேண்டும்.

5. ஐம்பது அடி தூரம் மெதுவாக ஓட்டி நிறுத்தி, தளர்ந்த சங்கிலியை மீண்டும் இறுக்கவேண்டும்.

6. ஒரு சக்கரத்துக்கு மாத்திரம் பூட்டுதல் கூடாது. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்தே பூட்டவேண்டும்.

7. தார்ச்சாலையை அடைந்தவுடன் கழற்றிவிடவேண்டும். சாலையில் ஓட்டினால் சாலையும் கெடும், சங்கிலியும் தேயும், பிரேக்கும் சரிவரப் பிடிக்காது.

8. வேலை முடிந்ததும் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவித் தொங்கவிடவேண்டும். தேய்ந்து மெலிந்த கண்ணியை உடனே மாற்றவேண்டும். ஓட்டத்தில் அறுந்த சங்கிலி சாட்டை போல் வீசும்.

நெல்வயலுக்குரிய இரும்புச் சக்கரம்

பனி நாட்டாருக்குச் சங்கிலி எவ்வாறோ, கொள்ளிடக் கரைக் குடியானவருக்குக் கேஜ்வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம் அவ்வாறு. ரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றி அதனிடத்தில் பூட்டும் முழுச் சக்கரமும், ரப்பர்ச் சக்கரத்தின் வெளிப்புறத்தில் இணைத்துப் பூட்டும் அரைச் சக்கரமும் வழக்கில் உள்ளன. அகன்ற இரும்புப் பட்டைகள் சேற்றைத் துடுப்பைப் போல் உதைத்து வண்டியைத் தாங்குகின்றன. சேறும் அதனடியில் இறுகிய படலமும் சேர்ந்திருப்பதே இதற்கேற்ற நிலைமை. அப்படலம் பிளந்துபோன இடத்திலும், பழங்கிணறு தூர்த்த இடத்திலும், ஊற்றுக் காணும் மூலையிலும் இரும்புச் சக்கரமும் அமிழும். அவ்விடங்களில் முன்கூட்டியே கழி நட்டு அடையாளம் செய்தல் நலம்.

இரும்புச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஓட்டுவதைத் தமிழ்நாட்டின் பல மாவட்ட நிர்வாகங்கள் தடைசெய்து எச்சரித்து வந்திருக்கின்றன. சாலையின் தார் உரிவதோடு வண்டியின் அச்சும் அதிர்ந்து கெடுவதால், வயல்வரை ரப்பர்ச் சக்கரத்தோடு சென்று வயலோரத்தில் மாற்றிக்கொள்ளுதலே முறை. வரப்பு ஏறும்போது ஏற்றம் செங்குத்தாயின் பின்னோக்கியே ஏறவேண்டும். அல்லது வரப்பை வெட்டிச் சரிவு அமைக்கவேண்டும்.

புதைந்த வண்டியும் உயிர்ச்சேதமும்

இப்பாடத்தில் எதனை மறந்தாலும் இப்பகுதியை மறத்தலாகாது. சேற்றிற் புதைந்த டிராக்டரை மீட்பதற்காகப் பின்சக்கரத்தோடு குறுக்கே ஒரு மரக்கட்டையைச் சங்கிலியாற் கட்டி, முதல் கியரில் வேகமாக முன்னே செலுத்துவது சில இடங்களில் வழக்கமாக இருக்கின்றது. கட்டை மண்ணில் ஊன்றிக்கொண்டு வண்டியை மேலேற்றும் என்பது எண்ணம். சில வேளைகளில் அவ்வாறே நடப்பதால் இவ்வழக்கம் நிலைத்துவிட்டது. நடவாத வேளையில் நேர்வது மரணம்.

காரணத்தைக் கூறுவோம். எஞ்சினுடைய விசை அச்சின் வழியே சக்கரத்தைச் சுழற்றுகின்றது. சக்கரம் சுழலாதபடி கட்டுண்டு நின்றால் அவ்விசை எங்கே செல்லும்? வண்டி சக்கரத்தைச் சுழற்ற முடியாதபோது, சக்கரத்தின் அச்சைச் சுற்றி வண்டியே சுழலும். முன்சக்கரங்கள் மேலெழும், எஞ்சின் வானை நோக்கி நிமிரும், வண்டி பின்புறமாக ஓட்டுநர்மேல் கவிழும். முன்புறம் எழத் தொடங்கியதிலிருந்து, இனித் திரும்பாது என்னும் நிலையை வண்டி அடைவதற்கு ஒரு விநாடிகூட ஆவதில்லை. ஏறக்குறைய முக்கால் விநாடியே. கிளச்சை மிதிக்கவேண்டும் என்று ஓட்டுநருக்குத் தோன்றி, கால் செல்லுமுன் காரியம் முடிந்துவிடும். கைதேர்ந்த ஓட்டுநரும் இதற்கு விலக்கல்லர். கட்டை கட்டாதபோதும், சேறு இறுகப் பிடித்த இரும்புச் சக்கரத்தை முன்னோக்கி வலிந்து செலுத்தினால் இதே விபத்து நேரும்.

ஆதலால் வண்டி புதைந்தால் செய்யவேண்டியவை இவை:

1. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்வதைக் கண்டவுடன் நிறுத்தவேண்டும். பின்னும் சுழற்றினால் ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்கும்.

2. டிரெய்லரையோ கலப்பையையோ கழற்றி வண்டியை இலேசாக்கவேண்டும்.

3. சக்கரங்களுக்குப் பின்னே மண்ணை வெட்டிச் சரிவு அமைத்து, தென்னை மட்டை, பனைமட்டை, விறகு, வைக்கோற்புரி ஆகியவற்றுள் கிடைப்பதை இடவேண்டும். இவற்றைச் சக்கரத்தோடு கட்டலாகாது.

4. பின்னோக்கிச் செல்லும் கியரில் மெதுவாக எடுக்கவேண்டும். பின்னோக்கிச் செல்லும்போது எஞ்சினுடைய விசை வண்டியின் முன்புறத்தைக் கீழே அழுத்துமாதலால், முன்புறம் நிமிரும் அபாயம் நீங்குகின்றது. அன்றியும், வந்த வழி வண்டியைத் தாங்கியது என்பது முன்னமே தெரிந்ததாகும்.

5. அதுவும் இயலாவிடில், கெட்டித் தரையில் நிற்கும் மற்றொரு டிராக்டரால் நீண்ட சங்கிலியிட்டு மெதுவாக இழுக்கவேண்டும். இழுக்கும் வண்டியில் சங்கிலியை டிராபார் என்னும் தாழ்ந்த இழுவைச் சட்டத்திலேயே மாட்டவேண்டும். அச்சுக்கு மேலேயோ டாப் லிங்க்கிலோ மாட்டினால் இழுக்கும் வண்டியும் பின்புறமாகக் கவிழும்.

6. சங்கிலியின் நீளத்துக்கும் அதிகமான தூரத்தில் மற்ற யாவரும் விலகி நிற்கவேண்டும். முன்புறம் எழாதிருக்க ஆட்களை முன்னே ஏற்றி நிறுத்துவது கொலைக்கு ஒப்பாகும்.

வண்டியில் கவிழ்வுத் தடுப்புச் சட்டம் பொருத்தியிருந்தால் அதனை மடக்காமல் நிமிர்த்தி வைத்து, இருக்கைப் பட்டையையும் கட்டிக்கொள்ளவேண்டும். சட்டமும் பட்டையும் சேர்ந்தே உயிரைக் காக்கும். சட்டம் இல்லாத வண்டியில் பட்டை கட்டிக்கொள்ளுதல் கூடாது.

பதம் பார்த்து இறங்குதல்

இனி, ஈரக் கரிசலுக்கு மருந்தே இல்லையோ எனின், உண்டு, அது பொறுமை. நான்கு விரல் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாக்கி, இடுப்பளவு உயரத்திலிருந்து கெட்டித் தரையிற் போடவேண்டும். உதிர்ந்து சிதறினால் உழவுப் பதம் வந்துவிட்டது. அப்பம் போல் தட்டையாக ஒட்டிக்கொண்டால் இன்னும் காத்திருக்கவேண்டும். பதம் வராத கரிசலில் வலிந்து உழுதால், கலப்பை மண்ணைப் பிளக்காமல் மெழுகுகின்றது. மெழுகிய மண் காய்ந்து செங்கல்லைப் போன்ற கட்டிகளாகின்றது. சக்கரத்தின் பாரத்தால் அடிமண் இறுகி, வேர் இறங்காது, அடுத்த மழையின் நீரும் இறங்காது. அவ்வயல் வரும் ஆண்டில் இன்னும் விரைவாகச் சேறாகும். அவசரத்தின் கடனை நிலம் வட்டியோடு வசூலிக்கும் என்றே சொல்லவேண்டும்.

காத்திருக்கும் நாட்களைக் குறைக்கும் வழிகளும் உண்டு. கோடையில் நிலம் காய்ந்து வெடித்திருக்கும்போது உளிக்கலப்பையால் அடியிறுக்கத்தை உடைத்துவிட்டால், மழைநீர் மேலே தேங்காமல் கீழே இறங்கும். அகல உழுவதிலும் ஆழ உழுவதே மேல் என்னும் பழமொழியின் பொருள் இங்கு நன்கு விளங்கும். வயலின் சரிவை அறிந்து வடிகால் வெட்டுதலும், வண்டி செல்வதற்கு ஒரே தடத்தை ஒதுக்கி எப்பொழுதும் அத்தடத்திலேயே செல்லுதலும், வயல் வாயிலில் சரளையிட்டு உறுதிப்படுத்துதலும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை. வயல் வாயிலில் இட்ட இரண்டு வண்டிச் சரளை, பல சந்தர்ப்பங்களில் ஒரு ஜோடிச் சங்கிலியைவிட மிகுந்த வேலை செய்யும்.

முடிவுரை

செம்மண் சரிவிலும் வழுக்குப் பாதையிலும் சங்கிலி. தொளி வயலில் கூண்டுச் சக்கரம். ஈரக் கரிசலில் காத்திருத்தல். இம்மூன்றையும் இடமறிந்து கையாளுகின்றவருக்கு டீசலும் வாடகையும் மிச்சமாகும், நிலமும் கெடாது. உளிக்கலப்பை, டிராக்டர் முதலியவற்றை வாடகைக்குப் பெற விரும்புவோர் வேளாண்மைப் பொறியியல் இலாகாவின் அலுவலகத்தை அணுகலாம். மண்ணின் தன்மை பற்றிய ஐயங்களுக்கு வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையங்களில் ஆலோசனை பெறலாம்.

இரண்டு நாள் தாமதித்த உழவால் விளைச்சலில் சிறிது குறையலாம். அக்குறையை அடுத்த போகம் ஈடுசெய்யும். புதைந்த வண்டியின் சக்கரத்தில் கட்டை கட்டி இழந்த உயிரை எந்தப் போகமும் ஈடுசெய்யாது. டிராக்டர் உள்ள ஒவ்வொரு கிராமத்திலும், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் புதைந்த வண்டியைப் பற்றிய பகுதியை ஓட்டுநர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுதல் நலம்.